ஏற்றிவிட்டால் போதாது, தாங்கிப் பிடிக்கவும் வேண்டும்

தென்னையை வைத்தவன் தின்று சாவான், பனையை வைத்தவன் பார்த்துச் சாவான் என்பது பழமொழி. இன்று பல ஊர்களில் தென்னையை வைத்தவரும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார். குலை முற்றிவிட்டது, ஏறிப் பறிக்க ஆள் கிடைக்கவில்லை. காய்ந்த மட்டைகள் தொங்குகின்றன. விரிந்த ஓலைகள் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் முக்கோணமாகத் தெரிகின்றன. காண்டாமிருக வண்டு குருத்துக்குள் புகுந்துவிட்டதற்கு அதுவே அடையாளம். மேலே ஏறி வண்டைக் குத்தி எடுத்து, குருத்தடியில் வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் கலந்து இட ஒருவர் வேண்டும். அந்த ஒருவர்தான் இல்லை.

தளைக்கயிற்றைக் காலில் மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் மரம் ஏறிய தலைமுறைக்கு வயதாகிவிட்டது. அவர்களுடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அதில் தவறு காண முடியாது. விழுந்தால் முதுகெலும்பு போகும், விழாவிட்டாலும் நெஞ்சும் பாதமும் காய்ப்புக் காய்த்துப் போகும் தொழிலைத் தன் மகனுக்கு விட்டுச் செல்ல எந்தத் தகப்பனும் விரும்பமாட்டார்.

இந்த வெற்றிடத்தில்தான் கருவி விற்பவர்கள் தோப்புக்குள் வருகிறார்கள். காலால் மிதித்து ஏறும் கருவி, உட்கார்ந்து ஏறும் கருவி, டிராக்டரிலோ லாரியிலோ பொருத்திய ஹைட்ராலிக் லிப்ட் என்று வகை வகையாகக் காட்டுகிறார்கள். எத்தனை அடி ஏறும், ஒரு மரத்துக்கு எத்தனை நிமிடம், மானியம் எவ்வளவு என்பவற்றைத்தான் அவர்கள் சொல்கிறார்கள். உழவரும் அவற்றைத்தான் கேட்கிறார். முதலில் கேட்கவேண்டிய கேள்வி வேறு: உச்சியில் ஆள் இருக்கும்போது இதில் ஒரு பாகம் அறுந்தால், உடைந்தால், நின்றுபோனால் அவரை எது பிடிக்கும்?

இதற்கு நேரான பதில் இல்லாத கருவி எவ்வளவு வேகமாக ஏறினாலும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தோப்புக்குள் வரக்கூடாது.

துரட்டியின் எல்லை

பொள்ளாச்சிப் பக்கம் போல நீளக் கழியின் நுனியில் அரிவாள் கட்டித் தரையில் நின்றே காய் அறுக்கும் வழக்கம் உள்ள ஊர்களில், கருவியே எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நடுத்தர உயர மரங்களுக்குத் துரட்டி நல்ல கருவிதான். ஆள் தரையில் நிற்கிறார், விழ வழியில்லை. ஆனால் துரட்டியால் காயை அறுக்க முடியுமே தவிர, கொண்டையைச் சுத்தம் செய்ய முடியாது. குருத்தில் மருந்து வைக்க முடியாது. பாளையைப் பார்க்க முடியாது. மரம் வளர வளரக் கழியும் நீள்கிறது, கை நடுங்குகிறது, தேங்காய் எங்கே விழும் என்பது கைக்கு அடங்குவதில்லை. ஆகவே ஆண்டில் ஓரிரு முறையாவது மரத்தின் உச்சிக்கு ஆள் போயே ஆகவேண்டும்.

மிதித்து ஏறுவதும் உட்கார்ந்து ஏறுவதும்

சிறு உழவரின் கைக்கு எட்டுவது சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள ஏறும் கருவிதான். இதில் பெரிதும் பரவியிருப்பது செம்பேரி மாடல். கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த உழவர் எம்.ஜே. ஜோசப் வடிவமைத்ததால் அந்தப் பெயர். இடக்காலுக்கு ஒன்று, வலக்காலுக்கு ஒன்று என இரண்டு பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றி வரும் ஓர் இரும்புக் கம்பிவடம், ஒரு மிதி, ஒரு கைப்பிடி. மிதியில் உடல் பாரம் விழுந்ததும் வடம் மரத்தை இறுக்கிப் பிடிக்கிறது. பாரத்தை எடுத்தால் தளர்கிறது, மேலே நகர்த்தலாம். இப்படி மாற்றி மாற்றி மிதித்து ஏறுவதால் ஏற்றம் வேகமாக இருக்கிறது. பரம்பரையாக மரம் ஏறாதவர்களும், பெண்களும்கூட, சில நாள் பயிற்சியில் இதில் ஏறக் கற்றிருக்கிறார்கள்.

இதன் குறையையும் சொல்லியாக வேண்டும். கருவி மரத்தைப் பிடித்துக்கொள்கிறது. கருவியை மனிதர்தான் பிடித்துக்கொள்கிறார். மிதியிலிருந்து கால் வழுக்கினாலோ, தலை சுற்றிக் கை விட்டாலோ, அவரைப் பிடிக்க அந்தக் கருவியில் எதுவும் இல்லை. இதைக் கண்டுதான் காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இதற்கென்று தனிப் பாதுகாப்பு இணைப்பை வடிவமைத்தது. மரத்தைச் சுற்றி இன்னொரு வடம். அதிலிருந்து ஆளின் உடலில் கட்டிய வார். கால் தவறினாலும் ஆள் தரைக்கு வராமல் மரத்தோடு தொங்குவார். இந்த இணைப்பு இல்லாத செம்பேரி மாடலைப் பாதிக் கருவி என்றே கொள்ள வேண்டும்.

இரண்டாவது வகை உட்கார்ந்து ஏறுவது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இவ்வகையில் ஒரு கருவியை உருவாக்கியிருக்கிறது. மேல் சட்டத்தில் இருக்கை, கீழ் சட்டத்தில் பாதம் வைக்கும் இடம். உட்கார்ந்து கீழ்ச் சட்டத்தைக் காலால் தூக்க வேண்டும்; பிறகு அதில் நின்று மேல் சட்டத்தைத் தூக்க வேண்டும். இது மெதுவானது, பாரமும் அதிகம். ஆனால் உச்சியில் ஆள் உட்கார்ந்தபடி இரண்டு கையாலும் வேலை செய்யலாம். நாளைக்கு நூறு மரம் ஏறும் தொழிலாளி இதை விரும்பமாட்டார். தன் ஐம்பது மரத்தைத் தானே ஐந்து நாளில் பார்த்துக்கொள்ளும் உழவருக்கோ இதுவே பொருத்தம். இதிலும் இடுப்புக்கோ தோளுக்கோ வார் உண்டா, அது மரத்தைச் சுற்றிக் கட்டப்படுகிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இரண்டு வகையும் கிளையில்லாத மரத்துக்கே உரியவை. வாங்கும் நாளில் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் நின்று, வாரை மாட்டி, முழுப் பாரத்தையும் பின்னால் சாய்த்துப் பார்க்க வேண்டும். அங்கே பிடிக்காதது உச்சியில் பிடிக்காது. வாங்கிய பிறகு வாரம் ஒருமுறை பழைய பருத்தித் துணியால் கம்பிவடத்தை நெடுக உருவ வேண்டும். துணி எங்கேயாவது சிக்கினால் அங்கே உள் இழை அறுந்து முள்போல் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த வடத்தை அன்றே மாற்ற வேண்டும். பழைய மோட்டார் சைக்கிள் கம்பியையோ கடையில் கிடைத்த ஏதோ ஒரு வடத்தையோ மாட்டி, பட்டறையில் பற்றவைத்துக்கொள்வது உயிரோடு விளையாடுவதாகும். பட்டுக்கோட்டை, வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று இரும்பை அரிப்பதால் இந்தச் சோதனையை இன்னும் அடிக்கடி செய்ய வேண்டும்.

மரமே நம்பகமில்லை என்றால்

ஏறும் கருவி எதுவானாலும் அது மரத்தை நம்பித்தான் இருக்கிறது. மரம் உள்ளே கூடாகிவிட்டால் கருவி என்ன செய்யும்? தண்டில் ஓட்டைகளிலிருந்து பழுப்புச் சாறு வடிந்தாலும், மென்று துப்பிய நார் போலத் தும்பு வெளியே தள்ளியிருந்தாலும் சிவப்புக் கூன்வண்டின் புழு உள்ளே இருக்கிறது. அப்படிப்பட்ட மரத்தில் ஆளை ஏற்றக்கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் தென்னை மரங்கள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. புயலில் வேர் அசைந்த மரம், விழாமல் தப்பி நின்றாலும், முன்போல் நம்பத் தகுந்ததல்ல.

இங்கேதான் லிப்டின் தேவை வருகிறது. லிப்ட் மரத்தின்மேல் சாய்வதில்லை; தன் காலில் நிற்கிறது. சாய்ந்த மரம், நோயுற்ற மரம், மழையில் பாசி பிடித்து வழுக்கும் மரம், கிளை விரிந்த புளி, மா, வேம்பு ஆகிய எல்லாவற்றுக்கும் அது உதவும். ஆனால் லிப்ட் என்றவுடன் ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ணுவது பெரிய பிழை. மரத்திலிருந்த ஆபத்து இயந்திரத்துக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

விளம்பர உயரமும் உண்மை உயரமும்

லிப்ட் விற்பவர் 50 அடி என்பார். அது பெரும்பாலும் வேலை உயரம். கூடையின் தரைமட்டத்தோடு, நின்று கையை உயர்த்தும் ஆளின் ஆறடியையும் சேர்த்துச் சொல்வதே வேலை உயரம். ஆக 50 அடி லிப்டின் கூடை 44 அடிக்குத்தான் போகும். குலை அறுப்பவருக்குக் குலை மார்பளவில் இருக்க வேண்டும். தலைக்கு மேல் கை நீட்டி அரிவாள் வீச முடியாது. ஆகவே 54 அடியில் குலை தொங்கும் மரத்துக்குக் கூடை 50 அடியாவது எழ வேண்டும்.

இந்தச் சில அடிக் கணக்கைப் பலர் பொருட்படுத்துவதில்லை. எட்டாத ஆறடிக்காகத்தான் ஆள் கூடையின் விளிம்புக் கம்பியில் கால் வைக்கிறார். அல்லது கூடையிலிருந்து மட்டைக்குத் தாவுகிறார். விபத்து அங்கே தொடங்குகிறது.

தோப்பிலுள்ள மிக உயரமான மரத்தை அளக்க ஏறவேண்டியதில்லை. வெயிலில் ஆறடிக் கம்பை நேராக நட்டு அதன் நிழலை அளக்க வேண்டும். கம்பின் நிழல் நாலடி, அதே நேரத்தில் மரத்தின் நிழல் 36 அடி என்றால் மரம் 54 அடி. சமதரையில் இந்தக் கணக்கு தவறாது. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் விற்பவரிடம் பேச வேண்டும்.

உயரத்தோடு பக்கவாட்டு எட்டும் தூரமும் முக்கியம். 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் இரு வரிசைகளுக்கு நடுவே வண்டி நின்றால் மரம் 12½ அடி தள்ளி இருக்கும். கை எவ்வளவுக்குப் பக்கவாட்டில் நீள்கிறதோ அவ்வளவுக்குத் தாங்கும் பாரம் குறையும். எந்த நீட்டத்தில் எத்தனை கிலோ என்ற அட்டவணை இயந்திரத்திலேயே ஒட்டியிருக்க வேண்டும். அட்டவணை இல்லாத லிப்டை எழுத்தறிவில்லாத டிராக்டர் ஓட்டுநரிடம் கொடுத்தாலும், பொறியாளரிடம் கொடுத்தாலும் இருவரும் ஊகித்துத்தான் ஓட்ட வேண்டும். கத்தரிபோல் மடிந்து நேராக எழும் லிப்ட் தோப்புக்கு ஆகாது. அது கெட்டியான சமதரைக்குச் செய்தது, பக்கவாட்டில் எட்டாது. முழங்கைபோல் மடங்கும் கையுள்ள லிப்டே பின்னிக்கிடக்கும் ஓலைகளுக்கிடையில் புகுந்து வரும்.

எண்ணெய்க் குழாய் வெடித்தால்

ஹைட்ராலிக் லிப்டைத் தூக்கி நிறுத்துவது சிலிண்டருக்குள் அழுத்தமாக நிற்கும் எண்ணெய். அந்த எண்ணெய் வரும் ரப்பர் குழாய் வெயிலில் வெடித்து, உரசித் தேய்ந்து ஒருநாள் கிழியும். கிழிந்தால் எண்ணெய் பீறிட்டு வெளியேறும். கூடை கீழே வரும். இதைத் தடுப்பது சிலிண்டரின் மேலேயே நேரடியாகப் பொருத்திய தடுப்பு வால்வு. குழாய் போனாலும் எண்ணெயை உள்ளேயே பூட்டி வைக்கும் வால்வு அது. அது குழாயின் மறுமுனையில் இருந்தால் பயனில்லை. விற்பவர் அதைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

வாங்கும் முன்பும், வாடகைக்கு எடுக்கும் முன்பும் ஒரு சோதனை போதும். இரண்டு ஆள் பாரத்துக்கு மணல் மூட்டைகளைக் கூடையில் வைத்து, பாதி உயரத்துக்குத் தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். கூடையிலிருந்து ஒரு கயிற்றைத் தரை தொடும்படி தொங்கவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். கயிறு தரையில் சுருண்டிருந்தால் வால்வோ சிலிண்டரோ கசிகிறது. அந்த லிப்டைத் திருப்பி அனுப்பிவிடலாம். அடுத்து, எஞ்சின் ஓடாத நிலையில் கூடையைக் கீழே இறக்கச் சொல்ல வேண்டும். நடு உச்சியில் டீசல் தீர்ந்தாலும் பேட்டரி இறங்கினாலும் ஆளைக் கீழே கொண்டுவரக் கைப்பம்போ இறக்கும் வால்வோ இருக்க வேண்டும். அதைத் தரையில் நிற்பவரும் இயக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கூடையில் ஏறுபவர் முழு உடல் வார் அணிந்து, அதைக் கூடையிலோ கையிலோ அதற்கென்று உள்ள வளையத்தில் மாட்ட வேண்டும்; மரத்தில் கட்டக்கூடாது. ஒரே நேரத்தில் மரத்தோடும் லிப்டோடும் கட்டுண்டவர் லிப்ட் நகர்ந்தால் இரண்டுக்கும் நடுவே இழுபடுவார். அறுத்த குலையைக் கூடையில் அடுக்கவும் கூடாது. பத்துப் பதினைந்து காயுள்ள குலையே ஓர் ஆளின் பாரத்தில் கால்பங்கு வரும்.

மண் அள்ளும் இயந்திரத்தின் வாளியில் ஆளை நிற்கவைத்துத் தூக்குவதையும், டிராக்டர் லோடரில் உள்ளூர்ப் பட்டறை பற்றவைத்த கூடையையும் இன்று பல ஊர்களில் காணலாம். மண்ணுக்குச் செய்த வாளி கவிழ்வதற்கென்றே செய்யப்பட்டது. ஓட்டுநரின் முழங்கை ஒரு கம்பியில் இடித்தால் போதும். அவசரத்துக்கு ஒருமுறை என்று தொடங்குவதுதான் வழக்கமாகிவிடுகிறது.

பாத்தியும் வாய்க்காலும்

லிப்ட் நிற்பது அதன் நான்கு தாங்கு கால்களின் மேல். தென்னைக்கு ஆறடி ஆரத்தில் வட்டப்பாத்தி எடுக்கிறோம். 25 அடியில் இரு பக்கமும் ஆறடி போக நடுவே மிஞ்சுவது 13 அடி. தாங்கு கால்களை விரித்தால் எத்தனை அடி அகலம் என்று பார்க்காமல் வாங்கிய லிப்ட், ஒரு காலைப் பாத்தியின் ஈர மண்ணில் வைத்துத்தான் நிற்கும். தண்ணீர் பாய்ச்சிய தோப்பில் ஒரு கால் இரண்டு அங்குலம் புதைந்தால், உச்சியில் கூடை பல மடங்கு சாயும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் கனமான பலகை வைப்பதும், பாசனம் செய்து மண் காய்ந்த பிறகே லிப்டை உள்ளே விடுவதும் தவிர்க்க முடியாதவை. சொட்டுநீர்க் குழாய்கள் எங்கே புதைந்திருக்கின்றன என்பதை உழவர்தான் ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டும்.

காற்றுக்கும் எல்லை உண்டு. வெளியில் வேலை செய்யும் பல லிப்டுகளுக்கு வினாடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர் காற்று வேகமே உச்சவரம்பு. ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய தோப்புகளில் உச்சி ஆடும் ஆட்டம் யாவருக்கும் தெரியும். அன்று இயந்திரத்தை நிறுத்திவைப்பது நட்டமல்ல.

மின்கம்பிக்கு மன்னிப்பு இல்லை

எந்தக் கருவியும் காப்பாற்ற முடியாத ஓர் இடம் உண்டு. அது மின்கம்பியின் பக்கம். அலுமினியத் துரட்டி, ஈர மூங்கில், லிப்டின் இரும்புக் கை, ஈர ஓலை ஆகிய எதுவும் மின்சாரத்தைக் கடத்தும். தொடாவிட்டாலும், உயர் அழுத்தக் கம்பிக்கு மிக அருகே போனாலே பாய்ந்துவிடும். தோப்பின் மேலோ ஓரத்திலோ கம்பி போனால் ஆளும் கருவியும் வெட்டி விழும் மட்டையும் கம்பியிலிருந்து பத்தடிக்குள் வரக்கூடாது. வந்தே ஆகவேண்டிய மரமானால் மின்வாரியத்துக்குத் தெரிவித்து இணைப்பை நிறுத்திய பிறகுதான் வேலை தொடங்க வேண்டும். கம்பிக்குக் கீழே இனித் தென்னை நடாமலிருப்பது அடுத்த தலைமுறைக்குச் செய்யும் உதவி.

யார் வாங்குவது?

ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 70 மரம். 45 நாளுக்கு ஒரு பறிப்பு என்றால் ஆண்டுக்கு எட்டு முறை, 560 தடவை உச்சிக்குப் போக வேண்டும். ஒரு நாளில் ஓர் ஏக்கர் முடிகிறது என்றே வைத்துக்கொண்டாலும் பல லட்சம் ரூபாய் லிப்ட் ஆண்டில் எட்டு நாள் ஓடி, மீதி 357 நாள் கொட்டகையில் துருப்பிடிக்கும். வட்டி மட்டும் நாள்தோறும் ஓடும். மானியம் கிடைக்கிறது என்பதற்காகச் சிறு உழவர் தனியாக லிப்ட் வாங்குவது, வீட்டுக் கிணற்றுக்கு ஆற்றுப் பாலம் கட்டுவது போன்றது.

இருபத்தைந்து பேர் சேர்ந்தால் கணக்கு மாறுகிறது. 25 ஏக்கருக்கு 25 நாள். 45 நாள் சுற்றில் மீதி 20 நாள் மழைக்கும் பழுதுக்கும் கொண்டை சுத்தம் செய்வதற்கும் கிடைக்கும். ஆனால் இந்த லிப்ட் நாளைக்கு அரை ஏக்கர்தான் பார்க்கும் என்றால் 25 ஏக்கருக்கு 50 நாள் ஆகும், சுற்றே முடியாது. எனவே சங்கம் பணம் கட்டும் முன் தங்கள் தோப்பிலேயே இரண்டு நாள் ஓட்டிக் காட்டச் சொல்லி, மரங்களை எண்ண வேண்டும். தென்னை உற்பத்தியாளர் சங்கங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் இதற்கு ஏற்ற அமைப்புகள். வாடகை இயந்திர மையம் அமைக்க வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் உதவி உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். உதிரிப்பாகம் எந்த ஊரில் கிடைக்கும், பழுதானால் எத்தனை நாளில் ஆள் வருவார் என்பதை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நல்ல லிப்டும் உதிரிப்பாகமின்றி ஒரு பருவம் நின்றால் சங்கமே கலைந்துவிடும்.

சுருக்கமாகச் சொன்னால், தனி உழவருக்கு வாரோடு கூடிய ஏறும் கருவி, சங்கத்துக்கு லிப்ட், சந்தேகமான மரத்துக்கு லிப்ட் மட்டும். இதுவே சிறு பண்ணைக்கு ஏற்ற முறை.

அந்தக் காலத்தில் ஏறவில்லையா?

இவ்வளவு யோசனைகளைக் கேட்டால் பெரியவர்கள் சிலர் சிரிப்பார்கள். எங்கள் தோப்பில் முப்பது வருடம் வெறும் தளையோடு ஏறினார்களே, யார் வார் கட்டினார்கள் என்பார்கள். ஏறினார்கள், உண்மை. சிறுவயதிலிருந்து பழகிய கால் அது. அப்படியிருந்தும் விழுந்தவர்கள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. கட்டிலில் கிடந்த அவர்களுக்குத் தோப்புக்காரர் சில நாள் அரிசி கொடுத்தார். பிறகு குடும்பம் தன் வழியைப் பார்த்துக்கொண்டது. அந்தக் கணக்கு எந்த நோட்டிலும் ஏறவில்லை. அதனால்தான் பழைய முறை மலிவாகத் தோன்றுகிறது.

வார் கட்டினால் நேரமாகிறது, கூலி கூடுகிறது என்பது இன்னொரு வாதம். உண்மையே. மரத்துக்கு இரண்டு நிமிடம் கூடலாம். அந்த நேரத்துக்கும் கூலி கொடுப்பது தோப்புக்காரரின் கடமை. மரக்கணக்கில் கூலி பேசி, நாளைக்கு இத்தனை மரம் முடித்தாக வேண்டும் என்று நெருக்கினால், எந்த ஆளும் முதலில் கழற்றி வைப்பது வாரைத்தான்.

அரசும் செய்யவேண்டியது உண்டு. தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் தென்னை மர நண்பர்கள் என்ற பயிற்சியை நடத்தி, இளைஞர்களுக்கு ஏறக் கற்றுக்கொடுத்துக் கருவியும் வழங்கியது. நல்ல காரியம். மரம் ஏறுவோருக்காக கேர சுரக்ஷா என்ற விபத்துக் காப்பீட்டையும் ஏற்படுத்தி, பிரீமியத்தின் பெரும்பகுதியைத் தானே ஏற்றது. ஆனால் எந்தத் திட்டத்தில் கருவி வழங்கினாலும் பாதுகாப்பு வாரையும் சேர்த்தே வழங்க வேண்டும். வார் இல்லாத கருவிக்கு மானியமே இல்லை என்று விதி வேண்டும். லிப்டுக்கு மானியம் கொடுக்குமுன் தடுப்பு வால்வும், பார அட்டவணையும், எஞ்சினின்றி இறக்கும் வசதியும் சோதிக்கப்பட வேண்டும். அரசுப் பணம் பாதிக் கருவிக்குப் போகக்கூடாது.

அதுவரை தோப்புக்காரர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த பறிப்புக்கு வரும் ஆளிடம் காப்பீடு இருக்கிறதா என்று கேட்கலாம். இல்லையென்றால் வாரிய அலுவலகத்தில் படிவம் வாங்கி நிரப்பிக் கொடுத்து, அவர் பங்குப் பணத்தையும் கட்டிவிடலாம். ஓராண்டுக்கு அது சில குலைத் தேங்காயின் விலைதான்.

தென்னை அறுபது, எழுபது ஆண்டு பலன் தரும் மரம். அதன் உச்சிக்குப் போகும் மனிதருக்கும் குடும்பம் உண்டு. அவர் மாலையில் முழுதாக வீடு திரும்ப வேண்டும். தோப்புக்குள் எந்தக் கருவி வந்தாலும் முதலில் அதைத் தரையிலிருந்து மூன்றடியில் நிறுத்தி, ஒரு பிடியை விட்டுப் பார்க்கட்டும். அடுத்த பிடி தாங்கினால் வாங்கலாம். தாங்காவிட்டால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.